படைப்பாளருக்கான லினக்ஸ் வழங்கல்கள்: மென்பொருள் மூட்டையும் அதன் அடியில் நடக்கும் வேலையும்

1. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி

உபுண்டு ஸ்டூடியோவை நிறுவி முதன்முறை திறப்பவருக்கு மென்பொருள் பட்டியல் நிறைந்து கிடக்கும். பல தடங்களில் ஒலிப்பதிவு செய்ய ஆர்டோர், ஒலித்துண்டுகளை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, தாளம் அமைக்க ஹைட்ரஜன், படத்துக்கு ஜிம்ப், ஓவியத்துக்கு கிரிட்டா, வெக்டார் வரைவுக்கு இங்க்ஸ்கேப், முப்பரிமாண வேலைக்கு பிளெண்டர், காணொளி தொகுக்க கேடென்லைவ், பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ், ஒளிப்படங்களைப் பதப்படுத்த டார்க்டேபிள். ஃபெடோராவின் டிசைன் சூட்டும், ஒலிக்கென்று அமைந்த ஃபெடோரா ஜாமும், கனடாக்காரரான கிளென் மக்ஆர்தர் உருவாக்கிவரும் ஏவி லினக்ஸும் இதே எண்ணத்தில் எழுந்தவைதான்: கலைஞர் கணினியைத் திறந்தவுடன் வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இவற்றின் மீது வைக்கப்படும் மறுப்பு எளிமையானது, வலுவானதும்கூட. மேலே சொன்ன எல்லா மென்பொருள்களும் சாதாரண உபுண்டுவிலும் டெபியனிலும் ஃபெடோராவிலும் களஞ்சியத்திலேயே இருக்கின்றன. வேண்டியதை ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளலாம். ஓவியருக்கு ஒலிப்பதிவுக் கருவிகள் வேண்டாம். மிருதங்கம் பதிவு செய்பவருக்கு முப்பரிமாண மென்பொருள் வேண்டாம். வேண்டாதவற்றோடு சேர்த்துப் பல ஜிபி இறக்குவானேன்?

மென்பொருள் பட்டியலை மட்டும் பார்த்தால் இந்த மறுப்புக்குப் பதிலே இல்லை. ஆனால் ஒரு வழங்கலைப் பட்டியலைக் கொண்டு அளப்பதே தவறான அளவுகோல் என்பது என் கருத்து. வழங்கல் ஒன்றில் மூன்று அடுக்குகள் உண்டு: கண்ணுக்குத் தெரியும் மென்பொருள் தொகுப்பு, அதன் அடியில் கெர்னல், ஒலிச் சேவையகம், பயனர் உரிமைகள் ஆகியவற்றில் செய்யப்பட்ட திருத்தங்கள், ஆண்டுக்கணக்கில் இவற்றைக் கட்டிக்காக்கும் மனித உழைப்பு. இந்த மூன்றையும் தனித்தனியே எடைபோட்டால்தான் கேள்வி தெளிவாகும். ஒலி, படம், அச்சு என்று துறை மாறும்போது விடையும் மாறுகிறது.

2. இவை ஏன் பிறந்தன

கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணினி இசைக்கென ஓர் ஆய்வு மையம் உண்டு. சுருக்கமாக கர்மா என்பார்கள். அங்கு பணியாற்றிய இசையமைப்பாளர் ஃபெர்னாண்டோ லோபஸ்-லெஸ்கானோ, தம் மையத்தின் கணினிகளுக்காகச் சேர்த்துவைத்த இசை மென்பொருள் பொதிகளை 2001 வாக்கில் வெளியாருக்கும் திறந்துவிட்டார். பிளானட் கர்மா என்ற அந்தத் தொகுப்பு தனி வழங்கல்கூட அல்ல. ரெட் ஹாட் லினக்ஸின் மேல், பின்னர் ஃபெடோராவின் மேல், ஏற்றிக்கொள்ளும் ஒரு களஞ்சியம். அதில் இருந்த மிக முக்கியமான பொதி இசை மென்பொருளே அல்ல. தாமதம் குறைக்கும் ஒட்டுகளோடு தொகுக்கப்பட்ட கெர்னல்.

அன்றைய நிலையை நினைவில் வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும். பால் டேவிஸ் ஆர்டோரையும், ஒலி மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் ஜாக் சேவையகத்தையும் எழுதத் தொடங்கிவிட்டார். ஆனால் அவை ஒழுங்காக ஓட வேண்டுமானால் கெர்னலின் மூல நிரலை இறக்கி, இங்கோ மோல்னார் போன்றோர் எழுதிய ஒட்டுகளைச் சேர்த்து, தானே தொகுத்து நிறுவ வேண்டும். வயலின் கற்றவரிடம் இதை எதிர்பார்க்க முடியாது. ஐரோப்பிய ஆணையம் 2002 முதல் 2004 வரை ஆக்னுலா என்ற திட்டத்துக்குப் பணம் கொடுத்தது இதனால்தான். டெபியன் மீது ஒன்று, ரெட் ஹாட் மீது ஒன்று என இரண்டு இசை வழங்கல்களை அத்திட்டம் உருவாக்கியது. அதன் வழியில் 64 ஸ்டூடியோ வந்தது. இத்தாலியரான ஜரோமில் உருவாக்கிய டைன்போலிக், வட்டிலிருந்து நேராக இயங்கி, பழைய கணினியையும் ஒலிபரப்பு நிலையமாக்கிக் காட்டியது. அர்ஜென்டினாவிலிருந்து மியூசிக்ஸ் வந்தது. 2007 மே 10 அன்று, உபுண்டு 7.04ஐ அடித்தளமாகக் கொண்டு உபுண்டு ஸ்டூடியோவின் முதல் வெளியீடு வந்தது.

ஆக, இவ்வகை வழங்கல்கள் பிறந்தபோது அவை கொடுத்தது மென்பொருள் மூட்டையை அல்ல. கலைஞரால் செய்ய முடியாத ஒரு தொழில்நுட்ப வேலையை அவருக்காக வேறொருவர் செய்து வைத்திருந்தார். அந்த வேலைக்குத்தான் மதிப்பு.

3. ஒலி: தாமதத்தின் கணக்கு

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். இந்த ஆய்வின் நடுத்தண்டு இதுதான்.

கணினி ஒலியைத் தொடர்ச்சியாக எடுப்பதில்லை. சிறு சிறு பிடிகளாக எடுக்கிறது. அந்தப் பிடியை பஃபர் என்கிறோம். நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற வேகத்தில், ஒரு பிடி 1,024 மாதிரிகள் என்றால் அதற்கு 21.3 மில்லிநொடி. உள்ளே வர ஒரு பிடி, வெளியே போக ஒரு பிடி என்று வைத்தால் 42.7 மில்லிநொடி. பாட்டுக் கேட்க, படம் பார்க்க இது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் மிருதங்கக் கலைஞர் ஒருவர் காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, தன் வாசிப்பை கணினி வழியாகவே கேட்டுக்கொண்டு வாசிக்கிறார் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற நடையில் ஓர் அட்சரத்துக்கு 750 மில்லிநொடி. அதில் எட்டுச் சொற்கள் விழுந்தால் சொல்லுக்குச் சொல் இடைவெளி 94 மில்லிநொடி. 43 மில்லிநொடித் தாமதம் என்பது இரண்டு சொற்களுக்கு நடுவில், ஏறத்தாழ பாதி வழியில், பழைய சொல் மறுபடி காதில் விழுவது. கையால் வாசிப்பதும் காதால் கேட்பதும் இரண்டாகிவிட்ட நிலையில் எவராலும் மோரா வைக்க முடியாது.

பஃபரை 128 மாதிரியாகக் குறைத்தால் போகவர 5.3 மில்லிநொடி. ஒலிமாற்றிக் கருவியும் யுஎஸ்பி இணைப்பும் தம் பங்குக்குச் சில மில்லிநொடிகளைச் சேர்க்கும் என்றாலும், 5.3 மில்லிநொடி என்பது இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தொலைவில் உட்கார்ந்திருப்பவரின் வாத்திய ஒலி நம் காதுக்கு வர ஆகும் நேரம். மேடையில் பக்கவாத்தியக்காரர்கள் அந்தத் தொலைவில்தான் அமர்கிறார்கள். அந்தத் தாமதத்தில் தடையின்றி வாசிக்கலாம்.

குறைத்துவிட்டால் போதுமா? சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. 128 மாதிரி என்றால் கணினி 2.7 மில்லிநொடிக்கு ஒருமுறை, தவறாமல், எல்லா வேலையையும் முடித்து ஒலித்துண்டை ஒப்படைக்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் பதிவில் ‘டிக்’ என்று ஒரு வெடிப்பு விழும். இதை எக்ஸ்ரன் என்பார்கள். சராசரி வேகம் இங்கே உதவாது. எட்டு மையச் செயலி இருந்தாலும், சரியாக அந்த நொடியில் வலையிணைப்புச் சில்லு குறுக்கிட்டால் பதிவு பழுதாகும். நாற்பது நிமிட ராகம் தானம் பல்லவியில் முப்பத்தெட்டாவது நிமிடத்தில் ஒரு வெடிப்பு விழுந்தால் முழுப் பதிவும் வீண்.

இதைத் தவிர்க்கக் கணினிக்குப் பல கட்டளைகள் இட வேண்டும். ஒலி நிரலுக்கு நிகழ்நேர முன்னுரிமை தர வேண்டும். அதன் நினைவகப் பகுதி வன்வட்டுக்குத் தள்ளப்படாமல் பூட்ட வேண்டும். இவ்விரு உரிமைகளும் சாதாரணப் பயனருக்கு இயல்பாகக் கிடைப்பதில்லை. பாதுகாப்புக் கருதி லினக்ஸ் அவற்றை நிறுத்தி வைத்திருக்கிறது. ஆகவே, ஒலிக்கென்று ஒரு பயனர் குழு அமைத்து, அதற்கு மட்டும் வரம்புகளைத் தளர்த்தி, பயனரை அதில் சேர்க்க வேண்டும். மின்சாரம் மிச்சப்படுத்த செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். குறுக்கீடுகளைத் தனி இழைகளில் கையாளும்படி கெர்னலைத் தொடங்க வேண்டும். பிறகு ஜாக் சேவையகம்: அது ஓடும்போது சாதாரண ஒலிச் சேவையகமான பல்ஸ்ஆடியோ ஒலி அட்டையை விட்டுக்கொடுத்து, தன் ஒலியை ஜாக் வழியே அனுப்ப வேண்டும், இல்லையேல் உலாவியில் ஓடும் காணொளி ஊமையாகும், அல்லது ஜாக் கிளம்பவே கிளம்பாது.

இதில் ஒரு படி விடுபட்டாலும் மற்றவை பயன் தரா. அதைவிட வேதனை, எது விடுபட்டது என்று கணினி சொல்லாது. வெடிப்புச் சத்தம் மட்டும் வரும். நண்பர் ஒருவரின் வீட்டில் சாதாரண வழங்கல் ஒன்றில் இந்த வேலையில் நான் இறங்கி இரண்டு மாலைகள் போயின. முன்னுரிமை வரம்பைத் திருத்தியிருந்தேன், செயலி வேகத்தைப் பார்த்தேன், பஃபரைக் கூட்டிக் குறைத்தேன். பயனரை ஒலிக் குழுவில் சேர்க்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் செய்யவில்லை. அந்த இரண்டு மாலைகளும் அவர் வீணை வாசித்திருக்க வேண்டிய மாலைகள். உபுண்டு ஸ்டூடியோவோ ஏவி லினக்ஸோ இந்தப் படிகளை நிறுவும்போதே முடித்துவிடும். பட்டியலில் எத்தனை மென்பொருள் இருக்கிறது என்று எண்ணுபவர் கண்ணில் இந்த உழைப்பு படுவதே இல்லை.

ஒலித் துறைக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. இங்கே மென்பொருள்கள் ஒன்றுக்குள் ஒன்று குடியிருக்கின்றன. ஆர்டோர் தனியாக ஓடுவதில்லை. எதிரொலிக்கு ஒரு செருகுநிரல், சமன்படுத்த ஒரு செருகுநிரல், வாத்தியத்துக்கு ஒன்று என்று டஜன் கணக்கில் தனக்குள் ஏற்றிக்கொள்கிறது. பிளாட்பேக் போன்ற தனிப்பெட்டி முறையில் ஆர்டோரை நிறுவினால், கணினியில் வேறு வழியாக நிறுவிய எல்வி2 செருகுநிரல்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்து கண்ணுக்குத் தெரியாது. பெட்டிக்கென்றே தயாரித்த செருகுநிரல் பொதிகளைத்தான் நாட வேண்டும். எல்லாம் ஒரே களஞ்சியத்திலிருந்து, ஒன்றோடொன்று பொருந்துமாறு தொகுக்கப்பட்டு வரும்போது இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒலிக்கு மூட்டையாகக் கட்டித் தருவதில் பொருள் இருக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

4. அடித்தளம் உயர்ந்த கதை

ஆனால் மேற்கண்ட வாதம் கடந்த சில ஆண்டுகளில் ஆட்டம் கண்டிருக்கிறது. நேர்மையாகச் சொன்னால், பாதி கரைந்துவிட்டது.

முதல் மாற்றம் ஒலிச் சேவையகத்தில். ரெட் ஹாட்டில் பணிபுரியும் விம் டேமன்ஸ் எழுதிய பைப்வயர், பல்ஸ்ஆடியோ, ஜாக் இரண்டின் இடத்தையும் தான் ஒன்றாகவே நிரப்புகிறது. உலாவியும் ஆர்டோரும் ஒரே நேரத்தில் சண்டையில்லாமல் ஒலி எழுப்பலாம். ஃபெடோரா 2021 ஏப்ரலில் வந்த தன் 34ஆம் பதிப்பிலேயே அதை இயல்பாக்கிக்கொண்டது. 2023 நவம்பரில் பைப்வயர் 1.0 வந்தது. இசைக்காகவே இருந்த வழங்கல்கள் பல ஆண்டுகளாக ஜாக்குக்கும் பல்ஸ்ஆடியோவுக்கும் இடையே கட்டிவந்த பாலங்கள் பெரும்பாலும் தேவையற்றுப் போயின.

இரண்டாவது மாற்றம் கெர்னலில். 2021இல் வந்த 5.12 முதல், ஒரே கெர்னலைத் தொடங்கும்போதே அது எவ்வளவு உடனடியாக வேலையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தேர்ந்துகொள்ளலாம். தனியாகத் தொகுக்க வேண்டியதில்லை. தாமஸ் கிளைக்ஸ்னர் உள்ளிட்டோர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வெளியில் வைத்து வளர்த்த முழு நிகழ்நேர ஒட்டு, 2024 நவம்பரில் வெளியான 6.12இல் மையக் கெர்னலோடு சேர்ந்தது. ஸ்டான்ஃபோர்டிலும் ஐரோப்பாவிலும் தனித்தனியே தொகுத்து வழங்கப்பட்ட ஒன்று இன்று எல்லோருக்கும் பொதுச் சொத்து.

உபுண்டு ஸ்டூடியோவே இதற்குச் சான்று. பல ஆண்டுகள் தாமதம் குறைந்த தனிக் கெர்னலோடு வந்த அது, 24.10 வெளியீட்டில் பொதுக் கெர்னலுக்கே மாறிக்கொண்டது. தொடக்கக் கட்டளையில் மூன்று அமைப்புகளைச் சேர்த்து அதே பலனைப் பெறுகிறது. மூன்று சொற்கள்! அவற்றை எந்த உபுண்டுவிலும் எவரும் எழுதிக்கொள்ளலாம்.

கேஎக்ஸ்ஸ்டூடியோவின் பயணமும் இதையே சொல்கிறது. ஃபிலிபி கோயெல்யோ அதை முழு வழங்கலாகத் தொடங்கினார். பின்னர் நிறுவல் வட்டு வெளியிடுவதை நிறுத்திவிட்டு, டெபியன், உபுண்டு மேல் ஏற்றிக்கொள்ளும் களஞ்சியமாக மட்டும் வைத்துக்கொண்டார். அவர் எழுதிய கார்லா என்ற செருகுநிரல் மேலாளர் இன்று எல்லா வழங்கல்களிலும் ஓடுகிறது. வழங்கல் மறைந்தது, அதற்குள் இருந்த நல்ல வேலை பரவிவிட்டது. இதை நான் தோல்வியாகக் கருதவில்லை. இவ்வகைத் திட்டத்துக்கு இதைவிட நல்ல முடிவு வேறெதுவும் இருக்க முடியாது.

5. படம், ஓவியம், அச்சு

ஒலியில் மூட்டைக்கு இருந்த நியாயம் படத் துறையில் இல்லை. கிரிட்டாவுக்குள் இங்க்ஸ்கேப் குடியிருப்பதில்லை. ஒன்றில் வரைந்து கோப்பாகச் சேமித்து இன்னொன்றில் திறக்கிறோம், அவ்வளவுதான் உறவு. ஒவ்வொன்றையும் அதை எழுதுபவர்களே நேரடியாக வெளியிடுகிறார்கள். கிரிட்டா ஒற்றைக் கோப்பாக வருகிறது, பிளெண்டரை அவிழ்த்து அப்படியே இயக்கலாம், ஜிம்ப் பிளாட்பேக்கில் கிடைக்கிறது.

இங்கே மூட்டை ஒரு சுமையாகக்கூட மாறும். நீண்டகால ஆதரவுள்ள வழங்கல் தன் மென்பொருள்களை வெளியீட்டு நாளன்று இருந்த பதிப்பிலேயே நிறுத்திவைக்கும். நிலைத்தன்மைக்கு அதுவே காரணம். ஆனால் 2018இல் வந்த 2.10க்குப் பிறகு ஜிம்ப்பின் அடுத்த பெரிய பதிப்பான 3.0 வெளியானது 2025 மார்ச்சில். அழிக்காமல் திருத்தும் வசதிக்காகக் கலைஞர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பதிப்பு அது. உபுண்டு 24.04ஐ அடித்தளமாகக் கொண்டவருக்குக் களஞ்சியத்தில் இருப்பது 2.10தான். பிளாட்பேக்கில் எடுத்தவர் உடனே 3.0க்குப் போய்விட்டார். படைப்பாளருக்கென்றே கட்டித் தந்த வழங்கலில், படைப்பாளர் விரும்பிய பதிப்பு இல்லை.

துறைக்காரர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது இங்கே உதவும். பெப்பர் அண்ட் கேரட் என்ற இணையச் சித்திரக்கதையை 2014 முதல் வரைந்து, கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டுவரும் பிரெஞ்சு ஓவியர் டேவிட் ரெவாய், கிரிட்டாவில் வரைபவர். லினக்ஸில் முழுநேரம் வேலை செய்பவர். அவர் படைப்பாளர் வழங்கல் எதையும் நாடவில்லை. ஃபெடோராவின் கேடிஇ பதிப்பு, பிறகு டெபியன் என்று பொதுவான வழங்கல்களை எடுத்து, நிறுவிய பின் செய்ய வேண்டியவற்றை விரிவாக எழுதி வெளியிடுகிறார். அவருடைய கவலை மென்பொருள் பட்டியல் பற்றியது அல்ல: வரைபலகையின் பேனா அழுத்தம் சரியாகப் பதிகிறதா, பொத்தான்களை மாற்றியமைக்க முடிகிறதா, திரையின் நிறம் நம்பத்தக்கதா. திரைப்படக் காட்சி விளைவுக் கூடங்கள் இன்னும் ஒரு படி மேலே. அங்கு லினக்ஸ்தான் ஆட்சி செய்கிறது. ஆனால் அது ராக்கி லினக்ஸ் போன்ற நிறுவன வழங்கல். எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பைப் பயன்படுத்துவது என்று துறை முழுவதும் ஒத்துக்கொள்வதற்காக ஆண்டுதோறும் ஒரு பொது வரையறைப் பட்டியல் வெளியிடப்படுகிறது. அதன் மேல் கூடம் தன் கருவிகளைத் தானே ஏற்றிக்கொள்கிறது. டாவின்சி ரிசால்வ் விற்கும் நிறுவனமும் தன் லினக்ஸ் பதிப்புக்கு ராக்கியையே ஆதரவுத் தளமாகக் காட்டுகிறது.

படத் துறையில் வழங்கல் செய்யக்கூடிய உண்மையான உதவி மூன்று இடங்களில்: வரைகலை அட்டையின் இயக்கி, நிற மேலாண்மை, வரைபலகை. பிளெண்டரும் டார்க்டேபிளும் வரைகலை அட்டையின் கணக்கிடும் ஆற்றலைப் பயன்படுத்த வேண்டுமானால் இயக்கி சரியாக அமைய வேண்டும். இதை நன்றாகச் செய்யும் பொது வழங்கல், பத்து மென்பொருளைக் கட்டித் தரும் படைப்பாளர் வழங்கலைவிட ஓவியருக்குப் பயனுள்ளது.

அச்சுத் துறையில் தமிழருக்கென்று ஒரு தனிச் சோதனை உண்டு. ‘கொ’ என்று எழுத, மெய்க்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வந்து அமர வேண்டும். இந்த இடமாற்றத்தை அறியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ஸ்க்ரைபஸின் 1.4 வரிசைக்கு இது தெரியாது. ஓமானிலிருந்து வந்த நிரலாளர் குழு ஒன்று அரபிக்காகத் தொடங்கிய வேலையின் பயனாக, 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில்தான் தமிழும் ஒழுங்காக வந்தது. அந்த வசதியோடு நிலையான பதிப்பு, 1.6, வந்தது 2024 தொடக்கத்தில். இடைப்பட்ட ஆண்டுகளில் ‘நிலையான’ பதிப்பைக் கட்டித் தந்த வழங்கலில் தமிழ்ப் புத்தகம் ஒரு பக்கம்கூடப் போட முடியாது. பட்டியலில் ஸ்க்ரைபஸ் இருந்தும் இல்லாததே. எழுத்துருக்களிலும் இதே நிலை. கேட்டமரன், ஹிந்த் மதுரை, முக்தா மலர், பவனம், கவிவாணர், மீரா இனிமை என்று கட்டற்ற உரிமத்தில் நல்ல தமிழ் எழுத்துருக்கள் இருக்கின்றன. அவற்றை நாமே தேடி நிறுவ வேண்டியிருக்கிறது. யாரோ ஒருவர் யாருக்காகவோ தேர்ந்தெடுத்ததுதான் மூட்டை. நம் மொழி அவர் மனதில் இருந்திருக்காது.

6. யார் காக்கிறார்கள்

மூன்றாவது அடுக்குக்கு வருகிறேன். ஆக்னுலா, பணம் நின்ற பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை. 64 ஸ்டூடியோவும் மியூசிக்ஸும் இன்று இல்லை. இவற்றை நம்பித் தம் கணினியை அமைத்தவர்கள் ஒருநாள் புதுப்பிப்பு வராத இயங்குதளத்தோடு விடப்பட்டார்கள்.

உபுண்டு ஸ்டூடியோவும் அந்த விளிம்புவரை போய்த் திரும்பியது. 2019இல், 19.04 வெளியீட்டுக்கு முன், அதன் குழுவில் பொதிகளை நேரடியாகப் பதிவேற்றும் உரிமை உள்ளவர் எவரும் இல்லை என்பதால் அதிகாரப்பூர்வ உபுண்டு வகை என்ற தகுதியே கேள்விக்குள்ளானது. எரிக் ஐக்மையரும் குழுவைச் சேர்ந்த இன்னொருவரும் அந்த உரிமையைப் பெற்ற பிறகே அது காப்பாற்றப்பட்டது. உலகெங்கும் பயன்படும் ஒரு வழங்கல் ஓரிரு தன்னார்வலர்களின் ஓய்வு நேரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏவி லினக்ஸ் இன்றும் பெரும்பாலும் ஒரு மனிதரின் உழைப்பு. இவர்கள் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் தன் வாழ்நாள் பதிவுகளை வைத்திருக்கும் கலைஞர், தான் எதன் மேல் நிற்கிறோம் என்று தெரிந்துகொண்டு நிற்பது நல்லது. 24.04 வரிசையில் மூல உபுண்டுவுக்கு ஐந்து ஆண்டு ஆதரவு, ஸ்டூடியோவுக்கு மூன்று. இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதம்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இந்த வேறுபாடு வலிக்கும். நன்றாக ஓடும் கணினியை எவரும் ஆண்டுதோறும் பிரித்துப்போட விரும்புவதில்லை.

7. மூட்டையைப் பிரித்து எடுப்பது

முழு வழங்கலையும் நம்பியிராமல் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழியை இவ்வழங்கல்களே திறந்து வைத்திருக்கின்றன. உபுண்டு ஸ்டூடியோ நிறுவி என்ற சிறு மென்பொருள், வேறெந்த உபுண்டு வகையிலும் ஸ்டூடியோவின் தொகுப்புகளை, ஒலி மட்டும், ஓவியம் மட்டும், அமைப்புத் திருத்தங்கள் மட்டும் என்று தேர்ந்து சேர்க்கிறது. அண்மை வெளியீடுகளில் ஸ்டூடியோவையே மென்பொருள் இல்லாமல் வெறுமையாக நிறுவிவிட்டு, வேண்டியதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். டெபியனில் பல்லூடகத் துறைக்கெனத் தொகுப்புப் பொதிகள் உள்ளன. ஆர்ச் லினக்ஸில் தொழில்முறை ஒலிக்கென்று ஒரு பொதிக் குழு உண்டு.

இவற்றில் மிகக் கவனிக்கத்தக்கது உபுண்டு ஸ்டூடியோவின் போக்கு. மென்பொருள் வேறு, அமைப்புத் திருத்தம் வேறு என்று அது தானாகவே பிரித்துவிட்டது. வழங்கலின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதை அதைக் கட்டியவர்களே உணர்ந்ததன் அடையாளமாக நான் இதைக் காண்கிறேன்.

ஆகவே, வரைபவர், ஒளிப்படக்காரர், அச்சுக்காரர் பொது வழங்கலையே எடுத்துக்கொள்ளட்டும். மென்பொருளைச் செய்தவர்களிடமிருந்தே பெறட்டும். ஒலிப்பதிவு செய்பவர், கணினியின் உள்ளமைப்பில் பழக்கம் இல்லாதவர் என்றால், இன்றும் உபுண்டு ஸ்டூடியோவோ ஏவி லினக்ஸோ அவருக்குத் தகும். பழக்கம் உள்ளவர் பொது வழங்கலின் மேல் திருத்தங்களை மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். இணையம் மெதுவாக உள்ள ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியமும் இசையும் கற்பிக்க நினைக்கும் ஆசிரியருக்கு, முழு மூட்டையே வரம். ஒருமுறை இறக்கிய ஒரே கோப்பிலிருந்து இருபது கணினிகளை நிரப்பலாம். எந்தப் பிள்ளை எதைத் தொட்டுப் பார்க்கும் என்று முன்கூட்டித் தெரியாத இடத்தில், எல்லாம் இருப்பதே சரி. ஓவியம் வரைய வந்த பிள்ளை பட்டியலில் ஹைட்ரஜனைத் திறந்து தாளம் தட்டிப் பார்க்கும் அந்த ஐந்து நிமிடங்களை எந்தக் கட்டளையாலும் வரவழைக்க முடியாது.

8. சோதனைக் கருவியாக வழங்கல்

அதிகம் பேசப்படாத ஒரு பயனைச் சொல்ல வேண்டும். நானே பெரும்பாலும் இதற்காகத்தான் இவ்வழங்கல்களை இப்போது வைத்திருக்கிறேன்.

புதிதாக வாங்கிய ஒலி இடைமுகக் கருவியில் வெடிப்புச் சத்தம் வருகிறது என்று கொள்வோம். குற்றம் கருவியிலா, கணினியின் வன்பொருளிலா, நாம் செய்த அமைப்பிலா? சாதாரண வழங்கலுக்குள் இருந்துகொண்டு இதைக் கண்டுபிடிப்பது கடினம். நாம் மாற்றிய பத்து அமைப்புகளில் எது தவறு என்று தெரியாது. உபுண்டு ஸ்டூடியோவை ஒரு யுஎஸ்பி குச்சியில் எழுதி, வன்வட்டைத் தொடாமல் அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். கருவியைச் செருகி, 48,000 வேகம், 128 மாதிரி பஃபர் வைத்து, வைஃபையை ஒருமுறை போட்டும் ஒருமுறை நிறுத்தியும், அரை மணி நேரம் ஓடவிட்டு எக்ஸ்ரன் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அங்கேயும் வெடித்தால், வேறொரு யுஎஸ்பி வாயிலில் மாற்றிச் செருகிப் பார்த்த பிறகு, வன்பொருளைச் சந்தேகிக்கலாம். சுழியமாக இருந்தால் கருவியும் கணினியும் நலம்; பிழை நம் அமைப்பில். அப்போது அந்தக் குச்சியிலிருந்தே ஸ்டூடியோவின் அமைப்புக் கோப்புகளைத் திறந்து நம்முடையவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடலாம்.

நண்பரின் வீணைப் பதிவில் அந்த இரண்டு மாலைகளுக்குப் பிறகு மூன்றாம் நாள் நாங்கள் செய்தது இதுதான். குச்சியிலிருந்து தொடங்கிய கணினி அரை மணியில் ஒருமுறைகூடத் தவறவில்லை. பிழை எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு, விடுபட்டதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்தான் ஆயிற்று. அவர் வீணையை மடியில் வைத்துச் சுருதி கூட்டத் தொடங்கியபோது நான் குச்சியைக் கழற்றி மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். அது இன்றும் அவர் வீட்டில்தான் இருக்கிறது.